நாண் ஆறுவதற்குள்

ஆரணி
திங்கட்கிழமை

அன்பு மகள் கனிமொழிக்கு,

அப்பா முத்துவேல் எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆரம்பித்தேன், எழுத வரவில்லை, ஏனென்றால் இங்கே நலமில்லை. உன் நலத்தைக் கேட்கவும் தேவையில்லை, அதை வீடியோவிலேயே பார்த்துவிட்டேன். சிவப்பாக எண்ணெய் மிதக்கிற கோழிக் குழம்பு, பக்கத்தில் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த நாண், அதன் மேல் கருகின கொப்புளம்கூடத் தெரிகிறது, அவ்வளவு நல்ல கேமரா. நீ அதைப் பிய்த்துக் குழம்பில் முக்கி வாயில் போடுகிறாய், மூக்கு நுனியில் வியர்வை, அதுவும் போதாமல் ஒரு முழுப் பச்சை மிளகாயைக் கடிக்கிறாய். இவளுக்குக் காரம் பத்தலையாம், ஆரணிக்காரி வந்திருக்கான்னு உள்ள போய்ச் சொல்லுங்க என்று பின்னால் உன் தோழி நான்சி சிரிக்கிற சத்தம். அந்த வீடியோ போட்ட தேதியையும் பார்த்தேன், சித்திரை பிறந்த வாரம். அன்றிலிருந்து இன்று வரைக்கும் போனில் உன் அம்மாவிடம் எத்தனை முறை கஞ்சி என்று சொல்லியிருப்பாய், நீயே சொல்.

இதைப் போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் பக்கத்தில் உன் அம்மா நிற்பாள், ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் நோண்டுகிறாள். மெயில் ஒன்றைத்தான் அவள் தொடுவதில்லை, அதனால் மெயில். களம்பூரில் ஒரு மில்லில், அரிசியைத் தரம் பிரிக்கிற கலர் சார்ட்டரைத் திறந்துபோட்டுவிட்டு, அதன் கம்ப்ரசருக்கு வால்வு வாங்கப் போன ஆள் திரும்பி வரும்வரை அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்கிறேன். தவிடு பறக்கிறது, திரையைத் துடைத்துத் துடைத்து அடிக்கிறேன், கோபமும் இருக்கிறது, எழுத்துப் பிழை இருந்தால் நீயே சரிசெய்து படித்துக்கொள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, உனக்கே தெரியும். டிப்ளமோ முடித்த கையோடு கல்யாணம், மறு வருஷம் நீ. மில்லில் புதிதாகச் சேருகிறவர்கள் உன் போட்டோவைப் பார்த்துத் தங்கச்சியா சார் என்று கேட்கிறார்கள். வெள்ளை முடி வந்த அப்பன் மாதிரி பொறுமையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே.

தை மாதக் கடைசியில் நீ போன் பண்ணி, கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கிறது, டாக்டர் காமாலை என்று சொல்லிவிட்டார் என்றாய். அன்று ராத்திரியே உன் அம்மா அஞ்சறைப் பெட்டியைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிட்டாள். உப்பு இல்லை, மிளகாய் இல்லை, புளி இல்லை, எண்ணெய் இல்லை. நீ அங்கே கஷ்டப்படுகிறாய் என்று துக்கத்தில் செய்கிறாள், இரண்டு நாளில் சரியாகிவிடுவாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி அவளே குடித்துக்கொண்டிருக்கிறாள். காமாலை ஜெர்மனியில், மருந்து ஆரணியில், நடுவில் என்ன ப்ளூடூத்தா என்று கேட்டேன். கேட்டது தப்பில்லை, நீயும் கேட்டிருப்பாய். அவள் டம்ளரைக் கீழே வைக்காமல் சொன்னாள்: "எட்டு மாசத்துல பாப்பா மாந்தம் வந்து துவண்டப்ப நான்தாங்க மருந்து குடிச்சேன். நான்தான் பத்தியம் இருந்தேன். அப்ப மட்டும் ஒண்ணும் பேசாம இருந்தீங்களே." அப்போது பாப்பா உன்னிடம் பால் குடித்தாள், பால் வழியாகப் போனது, அதற்கு ஒரு லைன் இருந்தது, இப்போது லைன் எங்கே இருக்கிறது என்றேன். "லைன் இல்லன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டுவிட்டு மிக்சியைப் போட்டுவிட்டாள். மிக்சி ஓடும்போது யாரும் பதில் பேச முடியாது, அதற்காகவே போடுவாள்.

பங்குனியில் உனக்கு ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்து ரிப்போர்ட் அனுப்பினாய். நான் கடையில் பிரிண்ட் போட்டு, எந்த எண் எந்த அளவுக்குள் இருக்கிறது என்று பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினேன். பேப்பர்ல சரியாயிடுச்சி, சந்தோஷம் என்றாள். பத்தியத்தை விடவில்லை. அவள் பிறந்த வெம்பாக்கம் பக்கத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறதாம். நோயில் கிடந்தவர் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகி, உப்பும் காரமுமாக முதல் வாய் வைத்துப் பத்தியத்தை முறிக்க வேண்டும், கூட இருந்தவர் அதற்குப் பிறகுதான் வாய் வைக்கலாம். அதாவது சுவிட்ச் இங்கே இல்லை, உன் கையில் இருக்கிறது. அதனால்தான் தினமும் ராத்திரி உன்னிடம் அதே கேள்வி, இன்னா சாப்ட்ட பாப்பா. நீயும் அதே பதில், கஞ்சிதாம்மா, உப்பு கம்மியா. முதல் இரண்டு மாதம் அது உண்மை, அதை நான் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஏன் சொன்னாய் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. வெளியே சாப்பிட்டேன் என்றால் அரை மணி நேரம் திட்டு விழும், கஞ்சி என்றால் அரை நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும், உனக்கும் படிப்பு இருக்கிறது. அம்மா இன்னும் பத்தியத்தில் இருப்பது எனக்குத் தெரியாதே என்று சொல்வாய். எப்படித் தெரியும்? நீ இன்னா சாப்ட்டம்மா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் திருப்பிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் பொய் சொல்ல மாட்டாள், அவளுக்கு அது வராது, உனக்கு வருகிறது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். நான் மதியம் மில்லுக்கு எதிரில் இருக்கிற ஹோட்டலில் மீன் குழம்பு சாப்பிடுகிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை, இரும்பு தூக்குகிறவன் உப்பில்லாமல் வேலை செய்ய முடியாது. ராத்திரி மட்டும் அவளோடு உட்கார்ந்து அந்தச் சப்பென்ற கஞ்சியைக் குடிக்கிறேன், தனியாக விட்டால் பாதியில் எழுந்துவிடுகிறாள், அதற்காக. முகூர்த்த மாதம் வேறு, நம் வீட்டு முன் அறை முழுக்கக் குஞ்சம் கட்ட வந்த பட்டுப் புடவை, கழுத்தைக் குனிந்தபடி காலையிலிருந்து உட்கார்ந்து கட்டுகிறாள். அக்னி நட்சத்திர வெயில், ஃபேன் போட்டால் இழை பறக்கும் என்று ஃபேனும் போடுவதில்லை. வியர்வையில் உப்பு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, சாப்பாட்டில் உள்ளே வருவதில்லை. இதற்கு டாக்டர் எதற்கு, எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். நான் சொன்னேன். கேட்கவில்லை.

உன்னிடம் மறைத்த விஷயத்தை இப்போது சொல்கிறேன், மறைத்தது என் முடிவு, பரீட்சை நேரம் என்று மறைத்தேன். போன வியாழக்கிழமை உன் அம்மா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் காய்கறிப் பையோடு நடந்து வரும்போது கால் நரம்பு சுண்டி இழுத்து, கண் இருட்டி, அப்படியே கீழே சாய்ந்துவிட்டாள். பூ விற்கிற அம்மா ஒருத்தி மடியில் சாய்த்துத் தண்ணீர் தெளித்து, உன் அம்மா போனிலிருந்தே எனக்கு அடித்திருக்கிறாள். நான் மெஷினுக்குள் தலையை விட்டிருந்தேன், காதில் கம்ப்ரசர் சத்தம், ஐந்தாறு அழைப்புக்குப் பிறகுதான் பார்த்தேன். களம்பூரிலிருந்து எப்படி வண்டி ஓட்டி வந்தேன் என்று கேட்காதே. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சோடியம் இவ்வளவு கீழே போகிற வரைக்கும் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். சலைன் ஏற்றச் சொன்னார். நர்ஸ் சின்னப் பெண், ஊசியைக் குத்தி, பிளாஸ்டர் ஒட்டினாள், சொட்டு விழ ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் உன் அம்மாவுக்கு லேசாகத் தெளிவு வந்து, பாட்டிலைப் பார்த்து, இதுல இன்னா கீது என்று கேட்டாள். அந்தப் பெண் சூதுவாது தெரியாமல், "ஒண்ணுமில்லம்மா, உப்புத் தண்ணிதான்" என்றது. அவ்வளவுதான், ஊசியைப் பிடுங்கிவிட்டாள். படுக்கை விரிப்பெல்லாம் ரத்தம். டாக்டர் ஓடி வந்து என்னைத் திட்டினார், நான் அவரைத் திட்டினேன், படித்த ஆள்தானே நீங்க, இதைக்கூட எடுத்துச் சொல்ல மாட்டீங்களா என்றார். அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அங்கேதான் உனக்குப் போன் பண்ணினேன். ஞாபகம் வருகிறதா? சத்தமாக இருக்கே, எங்கப்பா இருக்கீங்க என்று கேட்டாய், மில்லு என்றேன். என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்டேன், நான் என்றைக்கு உன்னை அதைக் கேட்டிருக்கிறேன், அதிலேயே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நல்லா சாப்பிடுறேம்பா, எல்லாம் சாப்பிடுறேன் என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்தால் போதும், அதை ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஊசியைக் குத்தவிடுவாள் என்று நம்பினேன். நீ சொன்னாய், "கஞ்சிதாம்பா, அம்மாகிட்ட சொல்லுங்க, உப்பே போடல." அவள் போனைப் பார்த்து, உனக்குக் கேட்காத குரலில், சரி பாப்பா, நல்லா குடி என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கையை நீட்டவே இல்லை. கடைசியில் டாக்டர் ஏதோ காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார், மருந்து பத்தியத்தை முறிக்காது என்பது அவள் கணக்கு, விழுங்கினாள். இது ஒரு வாரம் பத்து நாள் தாங்கும், அதற்குள் சாப்பாட்டில் உப்பு வந்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை பஸ் ஸ்டாண்டோடு நிற்காது, மூளைக்கு ஏறும் என்றார். நான் இதை எந்த மசாலாவும் சேர்க்காமல் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

சனிக்கிழமை பெரியநாயகம் சார் டீக்கடையில் என்னைப் பார்த்தார். நான்சியோட அப்பா என்ற முறையில் எப்போதும் நின்று பேசுவார், உனக்குத் தெரியும். உங்க பொண்ணு நல்லா சாப்பிடுதுங்க, பார்க்கவே பசிக்குது என்று சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். கர்த்தர் கிருபையால காமாலை போன இடம் தெரியலை என்றார். அவர் மேல் என்ன தப்பு, நல்ல மனுஷன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வீடியோவை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிவிட்டேன். ஞாயிறு முழுக்க யோசித்தேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் உன் அம்மாவுக்கு முன்னால் அதைப் போட்டுவிடப் போகிறேன். உன்னைத் திட்டுவாள், அழுவாள், ஒரு வாரம் உன்னோடு பேச மாட்டாள். பரவாயில்லை, சோற்றில் உப்பு போட்டால் போதும். வால்வு வந்துவிட்டது, மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

புதன்கிழமை

மேலே உள்ளதை அனுப்பவில்லை. அனுப்புவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது, அதையும் சேர்த்துப் படி.

திங்கள் ராத்திரி கஞ்சி குடித்து முடித்த பிறகு போனை அவள் முன்னால் வைத்துப் போட்டேன். பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு வாட்டி போடச் சொன்னாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது வெடிப்பாள், இப்போது வெடிப்பாள் என்று. அவள் சாதாரணமாகச் சொன்னாள், பாத்தேன், அன்னிக்கே சாரா காட்டிச்சு என்று. பெரியநாயகம் சார் வீட்டம்மா சர்ச்சுக்குப் போகிற வழியில் நம் வீட்டுக்கு வந்து, வீடியோ போட்ட அந்த வாரமே காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் ஆஸ்பத்திரியில் நீ உப்பே போடல என்று சொன்னபோதும் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் நல்லா குடி என்றாள். நீ பொய் சொல்கிறாய், அவள் தெரிந்துகொண்டே தலையாட்டுகிறாள், நடுவில் நான் ஒருவன் டாக்டரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். ஏன் பாப்பாவைக் கேட்கவில்லை, ஏன் திட்டவில்லை என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் நின்றுவிட்டது, அவ்வளவு கத்தினேன். "சாப்பாட்டுல கை வெச்சிகினு இருக்கற புள்ளைய திட்டுவாங்களா? எத்தினி மாசம் கழிச்சி திங்குது." சரி, அவள் தின்றுவிட்டாள், முறித்துவிட்டாள், நீ ஏன் இன்னும் பத்தியம் இருக்கிறாய் என்று அவளைக் கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நீ எண்ணெய் தேய்க்காமல், தலைமுழுகாமல், முறை இல்லாமல் வாய் வைத்துவிட்டாய், அப்படி வைத்தால் போன காமாலை திரும்பிப் பார்க்குமாம், அதற்கு மறுபத்தியம் இருக்க வேண்டுமாம், நீ அங்கே இருக்க மாட்டாய், அதனால் உனக்கும் சேர்த்து அவள் இருக்கிறாள். அதாவது கஞ்சி என்று நீ சொன்ன பொய் அவளைப் பட்டினி போடவில்லை, நீ தின்ற நாண்தான் போட்டது. மேலே ஊசி ஏறாததற்கு உன் பொய்தான் காரணம் என்று எழுதியிருக்கிறேன், அதை அழிக்கப் போவதில்லை, காரணம் வேறாக இருந்தாலும் பொய் பொய்தான்.

ரிப்போர்ட் சரியாகத்தானே வந்தது, எதை வைத்து இன்னும் உடம்பு தேறவில்லை என்கிறாய் என்று கேட்டேன். மூன்றாம் முறை வீடியோவைப் போட்டு, நீ குழம்புக்குக் குனிகிற இடத்தில் நிறுத்தி, விரலை வைத்துக் காட்டினாள், "கழுத்தெலும்பு பாருங்க." பார்த்தேன். இருந்தது. நான் கேமராவை நம்பிப் பிழைக்கிறவன், ஓடுகிற அரிசியில் ஒரு கறுப்பு அரிசியைக் கண்டுபிடித்து ஊதித் தள்ளுகிற மெஷினைச் சரிசெய்கிறவன், அந்த வீடியோவைப் பத்து முறை பார்த்திருப்பேன், எனக்குத் தெரிந்ததெல்லாம் குழம்பும் பச்சை மிளகாயும்தான். அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

எங்கே போனேன் தெரியுமா, ஆற்றுப் பாலத்துக்குப் போகிற வழியில் புதிதாக ஒரு ஹோட்டலில் தந்தூரி அடுப்பு போட்டிருக்கிறார்கள், அங்கே. அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று பார்க்கப் போனேன், சாப்பிடப் போகவில்லை. அடுப்பு ஒரு மண்பானை, அதைச் சுற்றி இரும்பு டிரம், நடுவில் மணல் அடைத்திருக்கிறார்கள், சூடு வெளியே போகாது, நல்ல டிசைன், குறை சொல்ல ஒன்றுமில்லை. பீகார்ப் பையன் மாவைக் கையில் தட்டித் தட்டி விரித்து, ஒரு தலையணை போன்ற துணியில் வைத்து, உள்சுவரில் ஒட்டினான். கண்ணெதிரே உப்பியது. கம்பியால் குத்தி எடுத்துத் தட்டில் போட்டபோது விரல் வைக்க முடியவில்லை. கோபத்தோடே பிய்த்தேன், உள்ளே இருந்து ஆவி முகத்தில் அடித்தது, வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. கோழிக் குழம்பில் மிளகும் காய்ந்த மிளகாயும் சேர்ந்து முதல் வாயிலேயே காதுவரை ஏறியது. ராத்திரி ராத்திரி கஞ்சி குடித்துத் தூங்கிப்போயிருந்த நாக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாண் சாப்பிட்டேன், மூன்றாவதும் சொன்னேன், குழம்புச் சட்டியை வழித்துத் தின்றேன். மூக்கு ஒழுகியது. நீ ஏன் அந்தப் பச்சை மிளகாயைக் கடித்தாய் என்று அப்போது புரிந்தது, புரிந்ததால் கோபம் குறையவில்லை, என் பெண் இதைத் தின்றதை ஒளித்துவைக்க வேண்டியதாகிவிட்டதே என்று கூடத்தான் செய்தது.

உன் அம்மாவுக்கும் ஒரு பார்சல் கட்டி எடுத்துப்போனேன். இதன் வாசனைக்கு யாராக இருந்தாலும் மனசு மாறும் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்குப் போய்ப் பிரிப்பதற்குள் நாண் ஆறிச் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. அவள் ஒரு ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பாப்பா தின்னது இப்டி இல்லயே, புஸ்ஸுன்னு இருந்துச்சே என்றாள். அந்த ஆறிப்போன நாணைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மூன்று மாதத்தில் முதல் முறையாக அவளாகவே ஒரு வழி சொன்னாள். "அது எண்ணெ தேய்ச்சி முழுகட்டும். என் கண்ணெதிர முறிக்கட்டும். அது எதத் தின்னு முறிக்குதோ அதையே நானும் தின்னு முறிக்கிறேன், அங்க நாட்டுக்கோழிக் குழம்புக்கு அது எங்க போவும்?" இதைச் சொல்ல வைக்க எனக்கு இத்தனை நாளாகியிருக்கிறது, ஆகவே இனிமேல் நான் எழுதுவதை ஒரு எழுத்து மாறாமல் செய். டாக்டர் சொன்ன கெடு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது.

வெள்ளிக்கிழமை காலை எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகு. நல்லெண்ணெய்தான், அங்கே இருக்கிற ஆலிவ் எண்ணெய் ஆகுமா என்று கேட்டுப் பார்த்துவிட்டேன், ஆகாது. இந்தியக் கடையில் கிடைக்கும், இன்றே போய் வாங்கு. குளியலறையில் கால் வழுக்கும், துண்டு விரித்து நில். பகலில் தூங்காதே, தலையை நன்றாகக் காயவை, ஈரத்தலையோடு சைக்கிளில் காற்றில் போகாதே. வெள்ளிக்கிழமை கறி கூடாது, அதனால் முறிப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு உன் கடிகாரத்தில் மதியம் இரண்டு மணிக்கு அதே ஹோட்டலுக்குப் போ, அதே குழம்பு, அதே நாண். அப்போது இங்கே சாயங்காலம் ஐந்தரை, உன் அம்மாவை அந்தத் தந்தூரி ஹோட்டலுக்கே கூட்டிப்போய் உட்காரவைக்கிறேன். இங்கே ஆறு மணிக்கு மேல்தான் அடுப்பு மூட்டுவார்கள், நான் முதலாளியிடம் பேசிவிட்டேன், சீக்கிரம் மூட்டுவதாகச் சொல்லிவிட்டார். என்ன சார் விசேஷம், பிறந்தநாளா என்றார், பத்தியம் முறிக்கிறோம் என்றேன், ஒரு மாதிரி பார்த்துவிட்டு முதல் நாண் உங்களுக்குத்தான் என்றார். டாக்டரையும் கேட்டேன், உன் அம்மாவுக்குக் காரம் குறைவாக இருக்கட்டும், உப்பு இருக்கட்டும் என்றார், அந்த மனுஷன் என்னிடம் சிரித்தது அன்றுதான். உனக்குக் காரம் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை, அது உன் இஷ்டம்.

போனை முழு சார்ஜ் போட்டுக்கொண்டு போ, தண்ணீர் ஜாடியில் சாய்த்து வை, கையில் பிடிக்காதே, ஆடும். வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார். கழுத்து மூடுகிற துணியாகப் போட்டுக்கொள் என்று எழுத நினைத்தேன், வேண்டாம், அதையும் கண்டுபிடிப்பாள், எலும்பு தெரிந்தால் தெரியட்டும், அது மூடுகிற வரைக்கும் சாப்பிடுவது உன் வேலை. நாண் மேஜைக்கு வந்ததும் போன் போடு, முன்னாலேயே போட்டுக் கதை பேசிக்கொண்டிருக்காதே, ஆறிவிடும். நீ முதல் வாய் வை. மென்றபடி பேசாதே, விழுங்கு, விழுங்கியது அவளுக்குத் தெரிய வேண்டும். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தால் அது காரம் என்று உடனே வாய்விட்டுச் சொல், கேமராவைத் திருப்பாதே, நீ அழுகிறாய் என்று நினைத்துவிட்டால் கையில் எடுத்த நாணை வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாள், அவளை எனக்குத் தெரியும். கஞ்சிக் கதையைப் பற்றி நீ ஒன்றும் சொல்லாதே, மன்னிப்பும் கேட்காதே, அவளுக்குத் தெரியும், உனக்கும் இப்போது தெரியும், போதும். விழுங்கிய பிறகு ஒன்றே ஒன்று கேள். நீ இன்னா சாப்டறம்மா என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. அவள் பிய்த்து வாயில் வைக்கிறவரை போனை வைக்காதே.

நோய் நொடி இல்லாமல், எலும்பு தெரியாமல், நல்லபடியாக இரு. நம் குலதெய்வம் உன்னோடு இருக்கட்டும், நான் கும்பிடுவதில்லை, உன் அம்மா எனக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறாள். நான்சிக்கு என் விசாரிப்பைச் சொல், அன்றைக்கு அவளும் கூட உட்கார்ந்து சாப்பிடட்டும், வீடியோ மட்டும் எடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி, மறக்காதே.

இப்படிக்கு,
இன்னும் கோபத்தில் இருக்கும் உன் அப்பா,
முத்துவேல்